எந்த ஆட்டம், எந்தத் தரை?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், பிள்ளைக்கு எந்தக் கம்பெனி ஷூ எடுக்கலாம்?" என்பது. கரிசல் பூமியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பதிலுக்கு நானும் இரண்டு கேள்வி கேட்பேன். பிள்ளை என்ன விளையாடுகிறது? எந்தத் தரையில் விளையாடுகிறது? கம்பெனியும் விலையும் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் விலை, அடுத்து நிறம், அப்புறம் முத்திரை. ஆட்டமும் தரையும் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. அதனால் வரும் கணுக்கால் பிசகையும் கறுத்த நகத்தையும் மைதானத்தில் நின்று பார்க்கிறவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

கடையில் 'ஸ்போர்ட்ஸ் ஷூ' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது அநேகமாக ஓட்டத்துக்கான ஷூதான். ஓடுகிறவரின் கால் ஒரே திசையில் போகிறது. ஒரே மாதிரி விழுந்து ஒரே மாதிரி எழுகிறது. முன்னோக்கிப் போகும் அந்தக் காலுக்காகத்தான் அதைச் செய்கிறார்கள். குதிகாலுக்குக் கீழே தடித்த நுரை இருக்கும். பல மாடல்களில் முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். மேல்பகுதி காற்றோட்டத்துக்காக மெல்லிய வலைத்துணி. ஓடுவதற்கு இவையெல்லாம் நல்லவைதான்.

இதே ஷூவோடு பையன் பாட்மிண்டன் ஆட இறங்குகிறான் என்று வையுங்கள். வலது ஓரத்தில் விழப்போகும் இறகுப்பந்தை எடுக்க ஒரு பெரிய எட்டு வைத்துச் சட்டென்று நிற்கிறான். உடம்பின் எடை முழுவதும் பாதத்தின் வெளி ஓரத்தில் இறங்குகிறது. மென்மையான நுரை அந்தப் பக்கம் மட்டும் அமுங்குகிறது. வலைத்துணி பாதத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. பாதம் ஷூவுக்குள்ளேயே வழுக்கி வெளியே தள்ளுகிறது. குதிகால் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் கவிழ்வதும் சுலபம். கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கத் தசைநார் இழுபடுகிறது. நாம் 'கால் பிசகிடுச்சு' என்று சொல்லி நீவிவிடுவது இதைத்தான். பள்ளி விளையாட்டுகளில் நான் அதிகம் பார்த்த காயமும் இதுதான். பையன் கவனமாக ஆடவில்லை என்று வீட்டில் திட்டுவார்கள். அவனுக்குத் திட்டு வேண்டாம், தரையை ஒட்டி நிற்கிற ஒரு ஷூ வேண்டும்.

பாட்மிண்டன், வாலிபால், டேபிள் டென்னிஸ் போன்ற உள்ளரங்க ஆட்டங்களுக்கான ஷூவைக் கையில் எடுத்ததுமே அடையாளம் தெரியும். அடிப்பாகம் மெலிந்து, கால் தரைக்கு அருகில் நிற்கும். சோல் இயற்கை ரப்பர் கலந்தது. பலவற்றில் தேன் நிறத்தில் இருக்கும், விரலை வைத்து இழுத்தால் பற்றும். முன்பாதத்தின் வெளி ஓரம் சற்று அகன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கவிழாமல் தாங்குவது அந்த ஓரம்தான். பாட்மிண்டன் ஷூ வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எட்டு வைத்து முன்னால் பாயும்போது பின்கால் தரையில் இழுபடும். கட்டைவிரலின் உள்பக்கம் அங்கேதான் முதலில் தேயும். அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் ஷூ நீண்ட நாள் வரும். உள்ளரங்கங்களில் 'நான்-மார்க்கிங்', அதாவது தரையில் கறை பதிக்காத சோல், இல்லாத ஷூவை உள்ளே விடமாட்டார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய ஷூவைத் தெருவில் போட்டு நடக்கக் கூடாது. தெருப்புழுதி ஏறிய ரப்பர் சோல் மரத்தரையில் வழுக்கும். செருப்பில் போய், அரங்கத்துக்குள் மாற்றிக்கொள்வதே சரி.

நம் ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாட்மிண்டனையும் கூடைப்பந்தையும் பெரும்பாலும் திறந்தவெளிச் சிமெண்டுத் தரையில்தான் ஆடுகிறோம். உள்ளரங்கத்துக்கான மென்மையான ரப்பர் சிமெண்டில் அழிப்பான் தேய்வதுபோல் தேய்ந்துபோகும். அங்கே ஆடும் பிள்ளைகளுக்கு டென்னிஸ் ஷூவைச் சொல்கிறேன். பக்கவாட்டு அசைவுக்கு ஏற்றது, சோலும் கெட்டியானது. கூடைப்பந்துக்குக் கணுக்காலை மூடும் உயரமான ஷூ கட்டாயமா என்று கேட்பார்கள். அந்த உயரம் கொடுக்கும் தைரியத்தை நான் முழுதாக நம்புவதில்லை. உயரமான ஷூ போட்டவர்களுக்கும் பிசகுகிறது. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகும் பயிற்சி கணுக்கால் பிசகைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம், மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். பல் துலக்கும்போதுகூடச் செய்யலாம், காசும் ஆகாது.

இனி தரை. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கி ரத்தத்தில் ஊறியது. முன்பு மண்ணில் ஆடினார்கள், இப்போது செயற்கைப் புல். தரை மாறினால் ஆட்டம் எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஹாக்கியைவிடப் பெரிய சான்று இல்லை. 1976-ல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக ஹாக்கியைச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்குப் போனது. மட்டை, உடல்வலு, பயிற்சி என்று காரணங்கள் பல உண்டு. அவற்றின் அடியில் இருந்தது தரை. தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் ஆடும் ஷூவின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய இருக்கும். எடை பல இடங்களில் பரவும், திரும்பும்போது கால் விடுபடும். அடியில் நீண்ட ஸ்டட் முனைகள் துருத்தும் கால்பந்து ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கே இறங்கினால், ஸ்டட் புல் இழைகளுக்குள் மாட்டி நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகிறது. முழங்காலின் உள் தசைநார் அறுந்தால் ஒரு வருடம் போய்விடும். அதனால் ஹாக்கிக்கு இருக்கிற கால்பந்து ஷூவையே போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லும் பெற்றோரிடம் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஈரத் தரை என்பதால் கேன்வாஸும் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும்.

கால்பந்து ஷூ பெட்டியின் மேல் எஃப்.ஜி., ஏ.ஜி., டி.எஃப்., ஐ.சி. என்று ஏதாவது இரண்டு எழுத்து இருக்கும். எஃப்.ஜி. என்றால் இயற்கைப் புல் வளர்ந்த கெட்டித் தரை, ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல், டி.எஃப். என்றால் குட்டைக் குமிழ்கள் கொண்ட டர்ஃப் ஷூ, ஐ.சி. என்றால் உள்ளரங்கம். தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் போடுவதைப் பார்த்துப் பையன்கள் எஃப்.ஜி.யைத்தான் கேட்பார்கள். அந்த வீரர்கள் ஆடுவது பசும்புல்லில். ஸ்டட் முழுதும் மண்ணுக்குள் இறங்கும். கோடையில் எங்கள் கரிசல் கல்லாக இறுகிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் ஸ்டட் இறங்காது. உடம்பின் எடை அந்தச் சில முனைகளில் ஏறி உள்ளங்காலை அழுத்தும். பத்து முதல் பதினான்கு வயதுக்குள் குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் முற்றாமல் இருக்கிறது. அந்த வயதில் கெட்டித் தரையில் ஸ்டட் போட்டு ஆடும் பிள்ளை குதிகால் வலி என்று நொண்டினால், நடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். ஷூவை மாற்றி, ஓய்வு கொடுத்து, வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் மண் மைதானங்களில் வருடத்தின் பெரும்பகுதிக்கு டி.எஃப். ஷூ போதும். ஐப்பசி அடைமழையில் மட்டும் நிலைமை வேறு. நனைந்த கரிசல் சோலில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கட்டி மண்ணைச் சுமக்கும். அப்போது இடைவெளி விட்டு அமைந்த நீண்ட ஸ்டட்தான் மண்ணை உதிர்க்கும்.

மழையும் ஸ்டட்டும் சேர்ந்து ஓர் உலகக் கோப்பையின் கதையிலேயே இடம்பிடித்திருக்கின்றன. 1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இறுதியாட்டம். நல்ல மழை. அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் மேற்கு ஜெர்மனி அணிக்குச் செய்து கொடுத்த ஷூக்களில் ஸ்டட்டைத் திருகிக் கழற்றி நீளமானதை மாட்ட முடிந்தது. அந்த அணி 3-2 என்று ஹங்கேரியை வென்றது. வெற்றிக்குக் காரணம் ஸ்டட் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தரை மாறியதும் அடிப்பாகத்தை மாற்றிய அணி அது. அதற்கு இரண்டு வருடம் முன்பு 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டின் மைதானத்தில், நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்தியாவில் கால்பந்துக்கு ஷூ கட்டாயமானது.

வெறுங்கால் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒரு மாணவன் அபேபே பிகிலா பெயரைச் சொல்வான். எத்தியோப்பியாவின் பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். அவர் ஏன் வெறுங்காலோடு ஓடினார் என்பதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அங்கே அவருக்குக் கிடைத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை. அவர் வெறுங்காலில் பயிற்சி செய்து பழகியவர், அதனால் பொருந்தாத ஷூவை ஒதுக்கிவிட்டார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடி தங்கம் வாங்கினார். பொருந்தாத ஷூவைவிட வெறுங்கால் மேல் என்பதும், பொருந்திய ஷூவால் கெடுதல் இல்லை என்பதும் அவர் ஓட்டத்திலேயே இருக்கின்றன.

இதில் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கான ஒரு விஷயம் உண்டு. வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றியே ஓடுகிறார்கள். தடித்த குதிகால் ஷூ போட்டு வளர்ந்தவர்கள் குதிகாலை ஊன்றுகிறார்கள். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010-ல் இதை ஆய்ந்து வெளியிட்டது. மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டான் என்ற சந்தோஷத்தில், அதுவரை வெறுங்காலில் ஓடியவனுக்குக் கனத்த நுரை ஷூ ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் அவன் ஓட்டமே மாறிப்போகும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மெலிந்த, இலேசான, குதிகால் உயராத ஷூவைக் கொடுத்து வாரக்கணக்கில் பழக்குகிறேன். ஷூ போட்டுப் பழகியவர் திடீரென்று வெறுங்காலுக்கு மாறுவதும் அதே அளவு ஆபத்து. கெண்டைக்காலும் பாத எலும்பும் தாங்காது.

எல்லாவற்றுக்கும் ஷூ வேண்டும் என்பதும் இல்லை. சிலம்பத்துக்கு வெறுங்கால்தான். மண்ணில் ஆடும் கபடிக்கும் கோ-கோவுக்கும் வெறுங்கால் போதும், தரையில் முள்ளும் கண்ணாடித் துண்டும் இல்லாமல் நாம் பார்த்துக்கொண்டால். ஆனால் கபடி இப்போது 'மேட்' என்னும் விரிப்புக்குப் போய்விட்டது. மண்ணில் ஆடி உரம் ஏறிய பாதம்கூட மேட்டில் உராய்ந்து தோல் உரிகிறது. மேட்டுக்கென்று கபடி ஷூ இருக்கிறது: மெல்லிய தட்டையான சோல், வளைத்தால் இரண்டாக மடியும், நல்ல பிடிப்பு. ரெய்டு போகிறவனுக்குக் கால்விரலால் தரையை உணர முடிய வேண்டும். கோட்டைத் தொட்டோமா என்பது அங்கே புள்ளி. ஓட்ட ஷூ போட்டு மேட்டில் ஏறுகிறவனை நான் இறக்கிவிடுவேன்.

கிரிக்கெட்டுக்கு வந்தால், மட்டையாளரும் வேகப்பந்து வீச்சாளரும் ஒரே ஷூ போட வேண்டியதில்லை என்பதே பலருக்குப் புதிது. வீச்சாளரின் முன்கால் விழும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அதில் இறங்குகிறது. பாதம் ஷூவுக்குள் முன்னால் போய் மோதுவதால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுகிறது. பெரிய வீச்சாளர்கள் பலர் முன்கால் ஷூவின் விரல் நுனியில் ஓட்டை போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நகத்தைக் காப்பாற்றத்தான். நம் பிள்ளைகள் அந்த அளவுக்குப் போகும் முன், நாடாவை இறுக்கக் கட்டினாலே பாதி சரியாகும். புல்தரைப் பிட்சில் வீசுகிறவனுக்கு இரும்பு ஸ்பைக் வேண்டும். நம் பக்கம் பல மைதானங்களில் மேட்டிங் பிட்ச்தான்; அதில் இரும்பு ஆணி பாயைக் கிழிக்கும், மாட்டிக் காலையும் இழுக்கும். அங்கே ரப்பர் ஸ்டட்.

தடகளத்தில் ஸ்பைக்ஸ் வாங்கும்போது விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12 வரை அனுமதி. ஒரு ஷூவில் 11 ஆணி வரை இருக்கலாம். மண் டிராக்கில் பயிற்சி செய்கிறவன் நீளமான ஆணியை மாட்டிப் பழகிவிட்டு, அப்படியே மாநிலப் போட்டிக்கு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அழைப்பு அறையில் அளந்து பார்த்து நிறுத்துவார்கள். ஆணிகளைக் கழற்றி மாற்றலாம், சாவி கூடவே வரும். இரண்டு நீளத்திலும் ஒரு தொகுதி வைத்திருப்பது நல்லது. சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதில் குதிகாலுக்கு ஆதரவே கிடையாது. வேகப் பயிற்சிக்கு மட்டும் போட்டுவிட்டுக் கழற்ற வேண்டிய ஷூ அது.

கார்பன் தகடு வைத்த ஷூக்களைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது போட்டிருந்தது அந்த வகை. அது சாலை ஓட்டத்துக்கானது. உலகத் தடகளச் சம்மேளன விதிப்படி சாலையில் சோலின் தடிமன் 40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டிராக்கில் 2024 நவம்பரிலிருந்து 20 மில்லிமீட்டர்தான். 1500 மீட்டர் ஓடும் மகளுக்குக் கடன் வாங்கி அந்த ஷூவை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்த ஒரு தந்தையிடம் இதைச் சொன்னபோது, "நல்லவேளை சார், நாளைக்குக் கடைக்குக் கிளம்புறதா இருந்தேன்" என்றார். அந்தப் பணத்தில் பயிற்சிக்கு நல்ல ஓட்ட ஷூவும் போட்டிக்கு ஸ்பைக்ஸும் வாங்கினார்கள், மிச்சமும் இருந்தது.

அளவு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டத்துக்குச் சரியான ஷூ வாங்கியும் அளவில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். மாலையில் கடைக்குப் போங்கள்; நாள் முழுதும் நின்ற நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், விளையாடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஆட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே சுவரில் குதிகால் ஒட்ட ஒரு தாளின் மேல் நிற்க வைத்து, நீண்ட விரலின் நுனியைக் குறித்துச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். பலருக்கு இரண்டு காலும் ஒரே அளவு இல்லை. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஷூ நாக்கின் உள்பக்கம் யு.கே., யு.எஸ்., ஐரோப்பிய எண்களோடு சென்டிமீட்டரும் அச்சிட்டிருப்பார்கள். நான் அதைத்தான் பார்க்கிறேன். ஆண்கள் அளவில் யு.கே. 8 என்பது யு.எஸ். 9. எந்த எண் என்று பார்க்காமல் '8' என்று மட்டும் சொல்லி வாங்கினால் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் தவறிவிடும். நகம் கறுக்க அது தாராளம்.

கடையில் இதைச் செய்து பாருங்கள். ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். கால்பந்து ஷூவுக்கும் ஸ்பைக்ஸுக்கும் அதில் பாதி போதும். பாதத்தின் அகலம் தகட்டைத் தாண்டி வழிந்தால், நீளம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஷூ வேண்டாம். பிறகு ஷூவை இரு கையாலும் வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிகால் கிண்ணத்தை அமுக்கினால் கெட்டியாக நிற்க வேண்டும். கடைசியாக, அந்த ஆட்டத்தின் அசைவைக் கடைக்குள்ளேயே செய்து பாருங்கள். பக்கவாட்டில் எட்டு வையுங்கள், குதியுங்கள், சட்டென நில்லுங்கள். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். விளையாட்டுப் பொருள் விற்றே பழகிய பகுதி அது.

அகலத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் நாம் பயன்படுத்தும் அளவு முறை ஆங்கிலேயர் கொண்டுவந்தது. நம் பாதங்கள் பொதுவாக அதைவிட அகலம். அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. அதை வைத்து 'பா' என்று பெயரிட்டு இந்தியர்களுக்கான அளவு முறை ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். உலகப் பெரும் நிறுவனங்களின் ஷூக்களைச் செய்யாற்றில் நம் பெண்கள்தான் தைத்து ஒட்டி அனுப்புகிறார்கள். நம் பாத அகலத்துக்கு ஏற்ற ஷூ நம் கடைக்கு வர வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. அதுவரை, அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு மாடலைப் பாருங்கள். இறுக்கத்தைத் தவிர்க்க ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் ஆடிக் கொப்புளம் வரும்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் எனக்கு மிகவும் பயன்பட்டது. பெண் பிள்ளைகளின் பாதம் பதினோரு வயதளவிலும், ஆண் பிள்ளைகளுடையது பதினைந்து பதினாறு வயதளவிலும் முழு வளர்ச்சியை எட்டுகிறது. "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க சார்" என்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணின் பாதம் இனி பெரிதாக வளரப்போவதில்லை; பெரிய ஷூவில் அவள் ஏன் தடுமாற வேண்டும்? அண்ணன் போட்டுக் கழித்ததை அவளுக்குக் கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். பையன்களுக்கு அரை சைஸ் கூடுதலாக எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனியை அழுத்திப் பார்த்தால் போதும்.

ஈரக்காலைத் தரையில் பதித்துத் தடம் பார்த்து, தட்டைப்பாதம் என்றால் இந்த ஷூ, வளைவு அதிகம் என்றால் அந்த ஷூ என்று சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. கடைகளில் இதற்குக் கருவியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுகிறவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாத வளைவைப் பார்த்துக் கொடுத்த ஷூவால் காயம் குறிப்பிடும்படி குறையவில்லை. கனடாவின் ஆய்வாளர் பென்னோ நிக், போட்டுப் பார்க்கும்போது எது உடனே இதமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி என்று எழுதியிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று சொல்லி விற்கும் ஷூவை வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டைப்பாதம் சகஜம். வலி இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

பணம் குறைவாக இருக்கிற வீட்டுக்கு என் யோசனை: முத்திரைக்குக் கொடுக்கும் காசைப் பொருத்தத்துக்குக் கொடுங்கள். ஜலந்தரின் நிவியா போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் குறைந்த விலையில் ஷூ செய்கின்றன. கபடிக்கும் வாலிபாலுக்கும் எங்கள் பிள்ளைகள் அவற்றில்தான் ஆடி மாநில அளவுக்குப் போகிறார்கள். பெரிய கம்பெனியின் பெயர் ஒட்டிய 'ஃபர்ஸ்ட் காப்பி'யை மட்டும் விளையாட்டுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பார்க்க ஒன்றாகவே இருக்கும். உள்ளே நுரை எது, பசை எது என்று யாருக்கும் தெரியாது; ஓட்டத்தின் நடுவில் சோல் பிரிந்து தொங்கும்.

வாங்கிய ஷூ நம் வெயிலில்தான் பாதி ஆயுளை இழக்கிறது. மொட்டை மாடியிலும் காருக்குள்ளும் காய வைத்தால் பசை விடும், நுரை சுருங்கும். வாஷிங் மெஷின் வேண்டாம். தகட்டையும் நாடாவையும் கழற்றி, சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு மறுநாள் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஓட்ட ஷூவின் நுரை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிடும். மேலே புதிதாகத் தெரியும், அடியில் உயிர் இருக்காது. பல வருடம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்ததும் உதவாது. பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தாலேயே உளுத்து, போட்ட அன்றைக்கே பொடிப்பொடியாக உதிரும்.

புது ஷூவைப் போட்டியன்று முதன்முதலாகப் போடுவதை எங்கள் அணியில் அனுமதிப்பதில்லை. குறைந்தது இரண்டு வாரப் பயிற்சியாவது அதில் ஆகியிருக்க வேண்டும். குதிகால் தூக்கினால் ஷூவின் மேல் நுனியில் இருக்கும் கூடுதல் ஓட்டையில் நாடாவை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டச் சொல்வேன். கால் பின்னால் ஒட்டிக்கொள்ளும், முன்னால் நகம் தப்பிக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் தாங்கள் போட்ட ஷூக்களை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த அன்புக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் சமதரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்; குதிகால் ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் அது உங்கள் நடைக்கு வளைந்த ஷூ, இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம். நன்றாக இருந்தால் எத்தனை சென்டிமீட்டர், எந்த ஆட்டத்துக்கானது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து அனுப்புங்கள். கூடவே இரண்டு ஜோடி சாக்ஸ் புதிதாக வைத்தால் மிகவும் உதவி.